ஃபராகோ என்று எழுதியிருந்தார்கள்

மார்ச் 10, செவ்வாய்

காலையிலிருந்து பசறைப் பக்கம் பனிமூட்டம். பஸ் தாமதம். தலைவலி.

பதுளை அலுவலகத்திலிருந்து மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. மண் சரிந்து சுவர் வெடித்த லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒன்பது குடும்பங்கள். மழை வந்தால் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஓடி வருகிறார்கள். வேறு வீடு கேட்டு நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பார்கள் என்று நினைப்பு. பதிலும் ஆங்கிலத்திலேயே, இரண்டு வரி: மனு வெறும் 'ஃபராகோ', நடவடிக்கை எடுக்க இயலாது.

இருபது வருஷமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இந்தச் சொல் தெரியவில்லை.

வாசலில் முத்துலெட்சுமி, தேயிலைக் கொழுந்துக் கூடையோடு. ஒன்பது வீட்டுக்கும் அவர்தான் பேசுவார்.

"என்னா டீச்சர் எழுதியிருக்காங்க?"

"நாளைக்குச் சொல்றேன்."

மார்ச் 11, புதன்

அகராதி. லத்தீன் சொல்லாம். 'ஃபார்' ஒரு வகைக் கோதுமை. அதிலிருந்து ஃபராகோ: மாட்டுக்குப் போடும், பல தானியங்கள் கலந்த தீனி. பிறகு, எதோடு எதுவோ சேர்ந்த குழப்பத்துக்கும் அதே பெயர்.

கோபம்கூட வரவில்லை. அலுப்பு. கூரை, கக்கூஸ், தண்ணீர், பிள்ளைகளின் இருமல் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டியது நான்.

மறைக்க நினைத்தேன். முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"மாட்டுத் தீனியா?" முத்துலெட்சுமி கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "அப்ப வீட்டுக்கு ஒரு கடுதாசியா எழுதுங்க டீச்சர். தமிழ்லயே எழுதுங்க. நாங்களும் வாசிச்சுப் பாக்கணும்ல."

மார்ச் 14, சனி

ஒன்பது கடிதம். விரல் வலி. சோறு ஆறிப்போனது. அவரவர் வாயால் சொன்னது மட்டும்.

ஒரு தாய்: "மழ பேஞ்சா புள்ளைய தூக்கிக்கிட்டு ஓடுறேன். அவ்வளவுதான், எழுதுங்க."

மார்ச் 16, திங்கள்

லீவு போட்டுப் பதுளை அலுவலகம். வரிசையில் ஒன்பது பேரும். கிளார்க் நிமிராமலே, "எல்லாம் ஒண்ணுதானே, சேர்த்துக் கட்டித் தாங்க" என்றார்.

"சேக்காதீங்க ஐயா," முத்துலெட்சுமி. "தனித்தனியா சீல் வைங்க."

வைத்தார்.

மார்ச் 27, வெள்ளி

போன வாரம் லயத்தை வந்து பார்த்துப் போன அதிகாரிகளின் முடிவு. நாலு குடும்பத்துக்கு வீடு. மற்ற ஐந்துக்கும் 'பழுது பார்த்தால் போதும்'. முத்துலெட்சுமி அந்த ஐந்தில்.

ஒன்பது பேரும் ஒன்றாகக் கேட்டபோது, எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்றார்கள். இப்போது நாலு, ஐந்து. பிரித்து எழுதியது என் கை.

லயத்துக்குப் போனேன். வீடு மாறிப் போகிறவர்களின் சாமான்களை முத்துலெட்சுமிதான் கட்டிக்கொண்டிருந்தார்.

"நாலு பேராவது நிம்மதியா தூங்கட்டும் டீச்சர். எங்களுக்கு மறுபடி எழுதுவோம். அழாதீங்க. அந்தக் கயித்த இப்படி நீட்டுங்க."

நீட்டினேன்.