உப்புக் கரிக்காத தண்ணீர்

குட்டியின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா?

பட்டறையில் நான் அடிப்பக்கம் ஒட்டுப்போட்ட பழைய ஃபைபர் பாய்மரப் படகை நேற்று கடலில் விட்டோம். "ஒட்டுன ஆளும் கூட வரணும்" என்று முதலாளி என்னையும் ஏற்றிக்கொண்டார். கரையோரமாகத்தான் போனோம், பயப்படாதே. பாதி வழியில் படகுக்குள் தண்ணீர். நீந்தத் தெரியாதவன் அல்லவா, பாய்மரக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முதலாளி அந்தத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பே இல்லப்பா. குடிதண்ணி டேங்க் குழாய்தான் கழண்டிருக்கு. உன் ஒட்டு கல்லு மாதிரி நிக்குது."

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஃபைபர் தூள் உடம்பெல்லாம் அரிக்கிறது. போர்த்திக்கொள்ள உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு. பட்டறையில் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். புடவையைத் துவைக்க வேண்டாம், உனக்கு முதுகுவலி. உடுத்தியதை அப்படியே மடித்து அனுப்பு.

உன் வீட்டுக்காரன்