பாப்பா அரைக்கும் சத்தம்

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் போனை நீ எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன். கிழித்துவிடாதே. விஷயம் அம்மாவைப் பற்றியது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. பேச்சு இல்லை. வலப்பக்கம் அசைவில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள், பழகிய சத்தங்கள் காதில் விழட்டும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

இந்த வீட்டில் பழகிய சத்தம் எது என்று உனக்கே தெரியும். ஊருக்கெல்லாம் காப்பித்தூள் அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறவன் நான். ஒரு பாக்கெட்டாவது அவள் அடுப்படிக்குள் நுழைந்ததுண்டா? "உங்க தூளை ஊருக்கு வித்துக்கோங்க, அதுல வாசனை போய் எத்தனை நாளாச்சோ" என்பாள். அன்றன்றைக்குக் கொட்டையைக் கை மில்லில் போட்டு அரைக்க வேண்டும். படுத்தபடியே யார் சுற்றுகிறார்கள் என்றும் சொல்லிவிடுவாள். தடதடவென்று போனால் நான். கொஞ்சம் சுற்றி நிறுத்தி, தூள் விழும் இழுப்பறையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி சுற்றினால், "பாப்பா எழுந்துட்டா" என்பாள்.

போன வாரம் நான் அரைத்தேன். கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். உன் அத்தை அரைத்தாள், கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நேற்று ஒரு காரியம் செய்தேன். உன்னைப் போலவே நிறுத்தி நிறுத்திச் சுற்றினேன். அம்மா அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினாள், உதடு அசைகிறது என்று அத்தை கத்தினாள். மில்லைப் போட்டுவிட்டு ஓடினேன். அறை வாசலில் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அதிலிருந்து ஸ்பூனில் கொடுக்கும் தண்ணீரைக்கூட விழுங்க மறுக்கிறாள்.

சிக்கரி கலந்ததைக் கலந்தது என்று சொல்லித்தான் கடையில் விற்கிறேன். அவளிடம் போய் இப்படிச் செய்துவிட்டேனே.

சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பலாமா என்று யோசிக்காதே. இனி ஏமாறமாட்டாள். நீயே வா. நான் வேண்டாமென்ற உன் வீட்டுக்காரரையும் அழைத்து வா. என்னோடு பேச வேண்டாம். நீங்கள் இருக்கும்வரை நான் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன். வியாபாரத்தில் எவனிடமும் நான் இவ்வளவு இறங்கி வந்ததில்லை. இன்னும் இறங்கச் சொன்னாலும் இறங்குகிறேன்.

மில்லைத் துடைத்து வைத்திருக்கிறேன். புதிதாக வறுத்த கொட்டை டப்பாவில் இருக்கிறது. யாரையும் தொடவிடவில்லை.

நீயும் அவரும் நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும். கதவைப் பூட்டுவதில்லை. வந்ததும் நேராக அடுப்படிக்குப் போ, பாப்பா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா