எண்ணெய் போட்ட கித்தார்

அப்பா,

இன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். "என்னட்டி, கையில மில்லு வாடை அடிக்கி?" என்றாள். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டேன் என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் கையை விடவில்லை. பிறகு ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இந்த வீட்டில் ஒரு வருஷமாக இல்லாத வாடை அது. நூல் மில்லில் சுழலும் கதிர்களுக்கு நீங்கள் போட்ட ஸ்பிண்டில் ஆயில். உங்கள் கித்தாரிலிருந்து என் விரலுக்கு வந்திருக்கிறது.

அம்மா தூங்கிவிட்டாள். கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் நோட்டை மூடிவிட்டு, மூச்சு சீராக வந்த பிறகு திறக்கிறேன்.

கித்தார்க் கம்பிக்கு ஸ்பிண்டில் ஆயில் போட்டவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். காதர் மாமா தன் பழைய கித்தாரை உங்களிடம் கொடுத்த முதல் வாரமே, துரு இருக்கிறது என்று சின்ன பாட்டிலில் கொண்டுவந்து ஆறு கம்பிகளுக்கும் தடவிவிட்டீர்கள். "நிமிசத்துக்கு அம்புட்டுச் சுத்து சுத்துத கதிருக்கே இதத்தான போடுதோம்?" என்று அம்மாவிடம் நியாயம் வேறு பேசினீர்கள். கம்பி டொப் டொப் என்று கட்டை தட்டுகிற மாதிரி கேட்டது. காதர் மாமா வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "எலே, பாட்டு வாசிக்கக் குடுத்தா மிசினு மாதிரி ஓவராயில் பண்ணி வச்சிருக்கியேடா" என்றார். நீங்கள் ஃபிட்டராக இருந்த அதே மில்லில் அவர் எலக்ட்ரீஷியன். ஒரு காலத்தில் கோயில் கொடை விழாக் கச்சேரிகளில் வாசித்தவர். ஐடிஐயிலிருந்து உங்கள் கூட்டாளி. கம்பிகளை மாற்றிக் கொடுத்தார். மரத்துக்குள் இறங்கிய வாடை மட்டும் போகவே இல்லை.

ஒரே ஒரு பாட்டுதான் உங்களுக்கு வேண்டியிருந்தது. இருபது வயதில் கோயம்புத்தூரில் அப்ரண்டிஸாக இருந்தபோது பக்கத்து அறை டேப்பில் ஓடிய இங்கிலீஷ் ராக் பாட்டு. அர்த்தமும் தெரியாது, பாடியது யாரென்றும் தெரியாது. மெட்டை மட்டும் இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்து, காதர் மாமாவிடம் முனகிக் காட்டிக் கண்டுபிடித்தீர்கள். "அம்பது வயசுக்குள்ள இந்த ஒண்ண வாசிச்சிறணும், பொறவு ஒண்ணும் வேண்டாம்" என்பீர்கள். காலை ஏ ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, பாடம் ஓடுகிற போனைச் சொம்பில் சாய்த்து வைத்து உட்காருவீர்கள். பாட்டுக்கு வேண்டிய நான்கு பிடிகளில் ஜி, டி, சி மூன்றும் இரண்டு மாதத்தில் வந்துவிட்டன. எஃப் வரவில்லை. ஒற்றை ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டும். விரல் கொப்புளித்து, அம்மா வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த துண்டுத் துணியைச் சுற்றிக்கொண்டீர்கள். "ஊர்ல அடிபட்டவனுக்குப் போடுத துணி, ஒங்கப்பாவுக்குப் பாட்டுக்குப் போடவேண்டியிருக்கு" என்று அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

இங்கிலீஷ் வரிகளுக்கு மட்டும் என்னிடம் வருவீர்கள். நான் வீட்டுப்பாடம் முடிக்கிற வரை காத்திருப்பீர்கள். நான் சொல்லச் சொல்ல, ஷிப்ட் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்வீர்கள். மறுபடி கேட்டால் நான் உச்சுக்கொட்டுவேன். வாசிக்கும்போது தப்பு வந்தால் நிறுத்த மாட்டீர்கள். ஏன் முதலிலிருந்து வாசிக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு இழை அறுந்தா மிசின நிப்பாட்ட மாட்டோம் பாப்பா. ஓடும்போதே ஒட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்" என்றீர்கள்.

ஒன்பதாவதில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளியில் சேர்த்தீர்கள். அங்கே என்னோடு படிப்பவர்களின் வீடுகளில் கார் நிற்கும். பத்தாவதில் பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் மில்லிலிருந்து நேராக வந்தீர்கள். தலையில் பஞ்சு இருந்தது. டீச்சர் என் மார்க்கைப் பற்றிப் பேசி முடித்ததும், நீங்களாகவே, "நானும் இப்ப படிக்கேன் டீச்சர். கித்தார். இங்கிலீஷ் பாட்டு. பாப்பாதான் சொல்லித் தாரா" என்றீர்கள். பின்னால் நின்ற என் வகுப்புக்காரர்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கி நீட்டினீர்கள். வேண்டாம் என்றேன். நீங்களும் தின்னவில்லை. நம் ஊர் ராஜபாளையம் வரும் வரை மடியிலேயே வைத்திருந்தீர்கள்.

மறுநாள் வகுப்பில் ராக் ஸ்டார் எப்படி இருக்கார் என்று கேட்டார்கள். நான் முதலில் சிரித்துவிட்டால் என்னோடு சேர்ந்து சிரிப்பார்கள், என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் உள்ளறையின் நீலத் திரைக்குப் பின்னால் நின்று, அம்மா போனில் உங்களை வீடியோ எடுத்தேன். பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, விரலில் பேண்டேஜ் துணி. கண்ணை மூடிக்கொண்டு பாடினீர்கள். எஃப் வருகிற இடத்தில் கம்பி கரகரத்தது. நீங்கள் நிறுத்தாமல் குரலை மேலே கொண்டுபோனீர்கள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. வகுப்பில் நான்கு பேருக்கு அனுப்பினேன். கூடவே சிரிக்கிற முகங்களையும் போட்டேன். பிறகு அம்மா போனில் எல்லாவற்றையும் அழித்தேன்.

யார் வழியாகப் போனது என்று தெரியாது. ஒரே வாரத்தில் மில்லுக்குப் போய்விட்டது. கேன்டீனில் போட்டுப் பார்த்தார்களாம். நீங்கள் ஸ்பேனரோடு நடந்து போனால் யாராவது கண்ணை மூடிக்கொண்டு பாடிக் காட்டினார்களாம். இதெல்லாம் நீங்கள் சொல்லவில்லை. அதே மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருக்கிற சித்தப்பா ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து கத்தியதில் தெரிந்தது. "எப்பப் பாத்தாலும் அந்தக் காதர்தான வீட்டுக்கு வந்து போறான்? அவந்தான் எடுத்து விட்டுருப்பான்" என்றார். அம்மா ஆமாம் என்பதுபோல் நின்றாள். என் கையில் தோசைத் துண்டு இருந்தது. நீங்கள் சித்தப்பாவைப் பார்த்தீர்கள். பிறகு நீலத் திரையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. "விடு" என்று மட்டும் சொன்னீர்கள். கித்தாரைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்தீர்கள்.

அதன் பிறகு காதர் மாமா நம் வீட்டுக்கு வரவில்லை. நீங்களும் என்னிடம் ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடக் கேட்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது அப்பா. ஒரு வேலை குறைந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. உங்களை எடுக்கும்போது நான் வாசல்படியில் நின்றேன். எதிர்ச் சாரியில் டிரான்ஸ்ஃபார்மர் ஓரமாகக் காதர் மாமா நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எல்லோரும் போன பிறகு தனியாகப் பின்னால் நடந்து போனார்.

உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் தூங்கினேன். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் காதர் மாமாவைப் பார்த்தேன். ஏதோ கல்யாண மண்டபத்து வயரிங் வேலைக்கு வந்திருந்தார். ஒளிந்துகொள்ளலாம் என்று பார்ப்பதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். படிப்பை விசாரித்தார். அம்மாவை விசாரித்தார். பிறகு, "கித்தார்க் கம்பி துரு ஏறிட்டுதா ஆத்தா? எண்ணெய் மட்டும் போட்றாத" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமா, அந்த வீடியோவ..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்த்தா" என்றார். "ஒங்கப்பா அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாரு. வீடியோ ஓரத்துல உள்ளறைத் திரை தெரியுதுன்னாரு. புள்ள சின்னது, வெளிய தெரிஞ்சா படிப்பு போயிரும், ஒன் பேரு கொஞ்ச நாள் கெட்டாக் கெட்டுப் போட்டும்டான்னாரு. நானும் சரின்னுட்டேன்."

ராஜபாளையம் பஸ் வந்தது. எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் என்று நீங்கள் சொன்னது ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவருக்குப் பேரைத் திருப்பிக் கொடுக்க நீங்கள் இல்லை. நான் இருந்தேன். இருந்தும் பேசாமல் இருந்தேன்.

அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும், அம்மா வருவதற்குள், பரணிலிருந்து கித்தாரை இறக்கி வாசிக்கப் பழகுகிறேன். உங்கள் ஷிப்ட் தாள் வேட்டிக்குள்ளேயே இருந்தது. ஜி, டி, சி வந்துவிட்டன. எஃப் வரவில்லை. நீங்கள் எங்கே கரகரத்தீர்களோ அதே இடத்தில் நானும் கரகரக்கிறேன். அந்த இடத்தைக் கேட்டுத்தான் நான்கு பேரும் சிரித்தார்கள். அது எவ்வளவு வலிக்கிற இடம் என்று இப்போது விரலுக்குத் தெரிகிறது. நான் துணி சுற்றிக்கொள்ளவில்லை.

நாளை மறுநாள் உங்கள் முதல் வருஷத் திதி. இன்று சாப்பாடு முடிந்ததும் யார் யாரைக் கூப்பிடுவது என்று சித்தப்பா போனில் பேசினார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "அந்த ஆளு மட்டும் வேண்டாம் மதினி" என்றார். "அவியள ஊர் சிரிக்க வச்சவன நான் எதுக்குக் கூப்பிடுதேன்?" என்றாள் அம்மா. நான் பக்கத்தில்தான் இருந்தேன். எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

பயமாக இருக்கிறது அப்பா. சித்தப்பா அடிப்பார். பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொல்வார். அதுகூடப் பரவாயில்லை. அம்மா என் கையைப் பிடித்து முகர்ந்த மாதிரி இனி பிடிப்பாளா என்றுதான் பயம். உங்களுக்குப் பேண்டேஜ் துணி கிழித்துக் கொடுத்தவள் அவள்.

காலை ஏழு மணிக்கு அம்மா டிபன் பாக்ஸ் கட்டுவாள். அதற்கு முன்னால் சொல்ல வேண்டும். முதல் வரி என்னிடம் இருக்கிறது: அம்மா, அந்த வீடியோவ எடுத்தது நான். அதற்கு அடுத்த வரி என்ன என்று எத்தனை முறை சொல்லிப் பார்த்தும் வரவில்லை. அந்த இடத்தில் என் குரல் கட்டாயம் அறுந்துபோகும். அறுந்தாலும் நிறுத்த மாட்டேன். காதர் மாமா வீட்டு வாசல் வரைக்கும், அம்மா கூட வந்தாலும் வராவிட்டாலும், போய்க்கொண்டே இருப்பேன்.

எழுத உட்காரும் முன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். வாடை போகவில்லை. காலையில் இந்தக் கையைக் கழுவாமலேயே அம்மாவிடம் நீட்டப் போகிறேன்.