அச்சில் வராத வரிகள்

மார்ச் 4

அன்புள்ள சிட்டு,

ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் எறும்பு ஆய்வேட்டை முழுக்கத் தட்டி முடித்து, அச்சுப் பிரதியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். 312 பக்கம், 46 அட்டவணை, 508 அடிக்குறிப்பு. இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

வேர்டு ப்ராசஸரிலேயே அடித்திருக்கலாமே என்று கேட்டாய். மூன்று மாதம் அதோடுதானே மாரடித்தேன்! நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் நூறாம் பக்கத்து அட்டவணை பாதியாகப் பிளந்து நிற்கும். நான் கையால் போட்ட எண்ணெல்லாம் பொய்யாகிவிடும். நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து மார்க்அப் என்கிற குறிமொழியைக் கற்றுக்கொண்டேன். அதில் 'இது தலைப்பு, இது அட்டவணை' என்று குறி போட்டால் போதும். எண்ணையும் இடத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன இது, எறும்பே வந்து டைப் பண்ணின மாதிரி இருக்கு" என்றார். அச்செடுத்துக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

இன்னொரு சௌகரியம்: சதவீதக் குறி போட்டு ஆரம்பிக்கிற வரி அச்சில் வரவே வராது. எனக்கென்று எதையாவது எழுதிவைக்க வசதி.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணி,

பிரதி வந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் ஒரு தலைவலி. பல்கலைக்கழக அலுவலகத்தில் வேர்டு ப்ராசஸர் கோப்பை மட்டும்தான் வாங்குவார்களாம். "உங்க அண்ணி கெட்டிக்காரங்கதான்மா, ஆனா ஆபீஸ்காரங்க விதியை மாத்த மாட்டாங்க" என்கிறார் என் பேராசிரியர். நீங்கள் அடித்த மூலக் கோப்பை அப்படியே அனுப்புங்கள். இங்கே மாற்றிக்கொள்கிறோம். கோபித்துக்கொள்ளக் கூடாது.

சிட்டு

மார்ச் 22

அன்புள்ள சிட்டு,

பென் டிரைவ் இந்த உறைக்குள் இருக்கிறது. கோபமெல்லாம் இல்லை, கொஞ்சம் வருத்தம்தான். மாற்றும்போது அட்டவணைகளை ஒருமுறை எண்ணிப் பார். 46 இருக்க வேண்டும்.

உன் அண்ணி

மார்ச் 28

அண்ணி,

ஃபோனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பேராசிரியரின் அறையில், அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் கோப்பைத் திறந்தேன். சதவீதக் குறி போட்ட வரியெல்லாம் திரையில் வரிசையாக நின்றது. என்னைப் பதினோரு இடத்தில் 'மகாராணி' என்று எழுதியிருக்கிறீர்கள். "எறும்புக்கு இருக்கிற பொறுப்பு இவளுக்கு இல்லையே" என்பதைப் படித்து அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். என் கோழிக்கிறுக்கலைப் படித்துத் தட்டியவருக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அப்புறம் ஆறாம் அத்தியாயம் வந்தது. "ஆண்டவனே, அத்தை மூன்று நாள் அவளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். நான் அவளுக்குத் தெரிவிக்கவில்லை. மன்னித்துவிடு." பேராசிரியர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு வருடமாக என்னிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் அண்ணி? அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், யாரையும் கேட்கவில்லை என்றுதானே?

சிட்டு

ஏப்ரல் 2

சிட்டு,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அச்சில் வராதது யார் கண்ணிலும் படாது என்று நினைத்துவிட்டேன். அரைகுறையாகக் கற்றவளின் புத்தி. கும்பிடும்போது சொல்ல வாய் வராததையெல்லாம் அங்கே எழுதினேன்.

அந்த வாரம் உனக்குப் பரீட்சை, மனசு கலங்கிவிடுவாய் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணமே இல்லை. ஒரு வருடம் அத்தையைத் தூக்கி உட்கார வைத்தது நான். வாயைத் திறந்தால் உன் பேச்சு. கூப்பிடாமலே வருகிறாளா பார்ப்போம், அப்போது பாசம் தெரியும் என்று ஒரு வீம்பு. நான்காம் நாள் கூப்பிடலாம் என்று இருந்தேன். நான்காம் நாள் அவர்கள் இல்லை.

உன் அண்ணனுக்கும் இது தெரியாது. கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி

ஏப்ரல் 9

அண்ணி,

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். அந்த வரிகளை நானே ஒவ்வொன்றாக அழித்தேன். நன்றியுரையில் உங்களைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கிறது. அது நீங்கள் செய்த வேலைக்கு.

மன்னித்தேன் என்று எழுதக் கை வரவில்லை. விடுமுறைக்கு அங்கே வரவும் முடியாது. அந்த மூன்று நாளில் அம்மா என்ன கேட்டாள், நீங்கள் என்ன சொன்னீர்கள், அதை மட்டும் ஒன்று விடாமல் எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

சிட்டு

ஏப்ரல் 13

சிட்டு,

திங்கட்கிழமை, மாத்திரை கொடுக்கும்போது, "சின்னவ வர்றாளா?" என்று கேட்டார்கள். "லீவு கிடைக்கலையாம் அத்தை" என்றேன். உன்னிடம் நான் கேட்கவே இல்லை.

செவ்வாய் காலையில், "அவகிட்ட பேசினியா?" "பேசினேன்." மத்தியானம் மறுபடியும், "நான் கேட்டேன்னு சொன்னியா?" "சொன்னேன் அத்தை."

புதன்கிழமை முகம் துடைத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "சொல்லியும் வரலைன்னா அவளுக்கு அங்கே என்ன கஷ்டமோ. பின்னால வந்தா, ஏன் வரலைன்னு கேக்காதே" என்றார்கள். "சரி அத்தை" என்றேன்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அண்ணி