படையலில் வைத்த மிளகாய்க் கிண்ணம்

ஹேனாம், தென் கொரியா,
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு சோராவுக்கு,

நானும் தம்பியும் உடம்புக்கு நலம், மனசுதான் சரியில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ ஹாய்ஃபாங்கில் மாமா வீட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே கோஸ் நாற்று நட்டாயிற்று, மழையும் விட்டபாடில்லை, என் இடுப்பு வலியும் விட்டபாடில்லை. அதெல்லாம் கிடக்கட்டும், உன் தம்பி இன்ஹோ செய்த காரியத்தைக் கேள்.

போன வாரம் பெரியப்பா வீட்டில் அப்பாவின் திதி. மகன் என்ற முறையில் இன்ஹோதான் சாராயம் ஊற்றி வணங்க வேண்டும். பெரியம்மா படையலில் ஒரு பேரிக்காயைக்கூட இடம் மாற விடவில்லை. கதவைத் திறந்து அப்பாவை அழைக்கப் போகிற நேரம், இந்தப் பிள்ளை பையிலிருந்து டப்பாவை எடுத்து, நம் வீட்டு மீன் சாஸைக் கிண்ணத்தில் ஊற்றிச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். மிளகாயும் பூண்டும் நசுக்கிப் போட்டது! அந்த இரண்டும் படையலில் இருந்தால் வருகிற ஆவி வாசலோடு திரும்பிவிடும் என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பெரியப்பா, "டேய், உங்கப்பன் வர்றதே வருஷத்துக்கு ஒரு தடவை, அவனைப் பட்டினியா விரட்டுறியா?" என்று கத்தினார். இவன் சிரித்தான்! அது திமிர் இல்லையடி, எங்கள் வியட்நாமில் தப்பு செய்துவிட்டால் கூச்சத்தில் சிரிப்பார்களே, அது. எட்டு வயது வரை அங்கே மாமா வீட்டில் வளர்ந்ததில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்திலும் அதற்காகவே வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். போன கோடையில் அங்கே வந்தபோதோ, மாமா திட்டினால் இந்த ஊர் வழக்கப்படி தலையைக் குனிந்து ஊமையாக நின்றானாம், "கொரியாக்காரனுக்குக் கொழுப்பைப் பாரு" என்றார்களாம். எந்த ஊரில் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தவிக்கிறது பிள்ளை, நான் என்ன செய்வேன், சொல்.

சிரித்தபடியே, "எங்கப்பா இதைப் பாத்து ஓட மாட்டாரு பெரியப்பா, இது இல்லேன்னாதான் சாப்பாட்டுல கையே வைக்க மாட்டாரு" என்றான். அது உண்மைதான், உனக்குத் தெரியாதா? பெரியப்பா கிண்ணத்தைத் தூக்கித் தொட்டியில் கொட்டிவிட்டு, "சூசோக் பண்டிகைப் படையலுக்கு வந்து ஊத்து, ஆனா அந்தக் கருமத்தோட வர்றதா இருந்தா வராதே" என்றார். அப்படியானால் வரவே மாட்டேன் என்று இவன் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். அன்றைக்குப் பெரியப்பா மகன்தான் ஊற்றினான். பெற்ற பிள்ளை இருக்க, உன் அப்பா வேறு கையால் வாங்கிக் குடிப்பதா? எனக்கு நெஞ்சே ஆறவில்லை. "அக்காகிட்டயே போயிடுறேன்" என்று நச்சரிக்கிறான், ஆனால் நேற்று பின்னறையில் எட்டிப் பார்த்தால், சுவரைப் பார்த்து விழுந்து வணங்கிப் பழகிக்கொண்டிருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவனிடம் வா என்றும் சொல்லாதே, வராதே என்றும் சொல்லாதே, பேசவிட்டுக் கேள். பண்டிகைக்கு அவனை நான் கூட்டிக்கொண்டு போவேன். அவன் வெறுங்கையோடுதான் வருவான், கிண்ணத்தை நான் கொண்டு போகிறேன். தன் தம்பி பெண்டாட்டி என் கையிலிருந்து உன் பெரியப்பா பிடுங்கிக் கொட்டிவிடுவாரா, பார்த்துவிடுகிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் அப்பா கூடவே இருந்து பார்த்துக்கொள்வார். மழையில் நனைந்துகொண்டு வண்டி ஓட்டாதே. முக்கியமாக, மாமாவிடம் சொல்லி நல்ல மீன் சாஸ் ஒரு புட்டி வாங்கி, கசியாமல் துணி சுற்றி, பண்டிகைக்கு முன்னால் வந்து சேரும்படி அனுப்பு. இங்கே கடையில் விற்பதை உன் அப்பா தொட மாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா லொவான்