ஹெல்மெட்டோடு ஓடினேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

ரொட்டொருவாவிலிருந்து மெரியானா எழுதுவது. முழங்கால் தேவலையா? சிப்பி பிடிக்கும் படகில் மறுபடி போகிறீர்களா?

போட்டியை முடித்துவிட்டேன் அப்பா! ஏரியில் நீச்சல், காட்டுமலையில் சைக்கிள், கடைசியில் ஓட்டம், எல்லாம் கெடுவுக்கு நாலு நிமிடம் முன்பே! சைக்கிளை விட்ட அவசரத்தில் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து ஓடினேன். "ஏ பொண்ணு, சைக்கிளத் தொலைச்சிட்டுத் தேடுறியா?" என்று வழியெல்லாம் கேலி.

முடிவுக்கோட்டில் விரல் மரத்து, ஹெல்மெட் கொக்கி அவிழவில்லை. அங்கிருந்த நர்ஸ்தான் அவிழ்த்தாள். "ஹெல்மெட் பிளந்திருக்கேம்மா, விழுந்தியா? கூட யாரு வந்திருக்கா?"

சின்ன விழுதல்தான், பயப்படாதீர்கள். அம்மா பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள்.

மில்லில் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போக வேண்டும். போட்டிப் படிவத்தில், அவசரத்துக்கு அழைக்க உங்கள் போன் எண்ணைத்தான் எழுதியிருந்தேன். நர்ஸ் இரண்டு முறை போன் அடித்துப் பார்த்தாள், அணைந்திருந்தது. படகில் இருந்தாலும் போனை அணைக்காதீர்கள், அப்பா.

உங்கள் மெரியானா