அளவு ஜாக்கெட்

கண்ணு,

நீ தைச்சு அனுப்பின ஜாக்கெட் நேத்துதான் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்துச்சு. துணியைச் சாய்வா வெட்டி நம்ம டெய்லருங்க கிராஸ் கட்டிங்னு சொல்றதை பாரீஸ்ல பிரபலமாக்கினது வியோனேன்னு ஒரு அம்மான்னு சொன்னியே, அந்த வெட்டுதானே இது? துணி தண்ணியாட்டம் வழியுது. அவங்க லேபிள்ல கட்டைவிரல் ரேகை வெப்பாங்களாமே. உள்ளே உன் ரேகையைப் பார்த்துட்டு, ஃபேக்டரியில என்கூட மிலிட்டரி சட்டை தைக்கிற எல்லாருக்கும் காட்டினேன்.

இடது பக்கம் மட்டும் தொளதொளன்னு நிக்குது. உன் மேல தப்பில்ல. நீ எடுத்துட்டுப் போன அளவு ஜாக்கெட் போன வருஷத்து அம்மாவோடது.

தை மாசம் வேளாங்கண்ணிக்குப் போறேன்னு சொன்னேனே, போகல. ஆஸ்பத்திரியில இருந்தேன். உன் பரீட்சை முடியட்டும்னு அப்பாவை வாயைத் திறக்க விடல, அவரைத் திட்டாதே. கட்டியோட சேர்த்து அந்தப் பக்கத்தையே எடுத்துட்டாங்க. இனிமே பயமில்லையாம். நல்லா சாப்பிடுறேன்.

பக்கத்து வீட்டு விஜி பிரிச்சுப் பிடிச்சுத் தரேன்னா. வேணாம்னுட்டேன். உன் விரல் ரேகை அந்தப் பக்கம்தான் இருக்கு, தழும்பு மேலேயே படுது.

லீவுக்கு வரப்ப அளவு நாடா கொண்டு வா. நான் நிமிர்ந்து நிக்கிறேன், நீ அழாம அளவெடு.

உன் அம்மா